ஜாவா, கம்போடியக் கல்வெட்டுகளில் சக ஆண்டு: 78 கூட்டுவதா, 79 கூட்டுவதா?

சுவடிவாசகன் (கேள்வி)

தென்கிழக்காசியாவில் கிடைத்த கல்வெட்டுகள், செப்பேடுகளின் படங்களுக்கு விளக்க அட்டை எழுதும் வேலை. சக ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றும் இடத்தில்தான் முட்டுகிறது. 78 கூட்டு என்கிறது ஒரு புத்தகம். இன்னொன்றில் அதே வகைக் கணக்கு 79 ஆகிறது. சுமத்ராவில் உள்ள லோபு துவா தமிழ்க் கல்வெட்டைப் பார்த்தால் சகம் 1010, மாசி மாதம், ஆண்டு 1088. மாசிக்கு 79 கூட்ட வேண்டும் என்றால் 1089 அல்லவா வரவேண்டும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜாவாவின் சங்கல் கல்வெட்டில் ஆண்டு இலக்கத்தில் இல்லை, "சுருதி இந்திரியம் ரசம்" என்று மூன்று சொல்தான் இருக்கிறது. 456 என்று எடுத்தால் காலம் பொருந்தவில்லை. இவற்றைப் படிக்க ஒழுங்கான முறை உண்டா? படித்தது சரிதானா என்று சோதிக்க வழி இருக்கிறதா?

ஓலைநறுக்கு

முதலில் 78, 79 வழக்கைத் தீர்ப்போம். சக ஆண்டு சைத்திரத்தில், அதாவது மார்ச்–ஏப்ரலில் பிறக்கிறது. ஜனவரி பிறக்கும்போது சக ஆண்டுக்கு இன்னும் மூன்று மாதம் ஆயுள் பாக்கி. அதனால் சைத்திரம் தொடங்கி டிசம்பர் முடிய 78. பௌஷத்தின் பின்பகுதி, மாகம், பால்குனம் ஆகியவற்றுக்கு 79. மாதம் தெரியாத கல்வெட்டு என்றால் ஒற்றை ஆண்டு போடாதீர்கள். "732–733" என்று இரட்டையாகப் போடுவதுதான் நேர்மை.

இது கழிந்த ஆண்டுக்கான கணக்கு. பஞ்சாங்கக்காரர்களுக்கு ஆண்டு என்றால் முடிந்த ஆண்டு. "சகம் 822 கழிந்தபின்" என்றால் ஓடிக்கொண்டிருப்பது 823ஆவது. கல்வெட்டில் அதீத, கத, அதிகத போன்ற சொல் இருந்தால் கழிந்த ஆண்டுதான். பழைய மலாய், பழைய ஜாவானிய ஆவணங்கள் பெரும்பாலும் "சகவர்ஷாதீத" என்றே தொடங்கும், அதனால் அங்கே தொல்லை குறைவு.

லோபு துவாவில் அந்தச் சொல் இல்லை. "சகரை யாண்டு ஆயிரத்துப் பத்துச் செல்லாநின்ற மாசித்திங்கள்" என்று இருக்கிறது. செல்லாநின்ற என்றால் நடந்துகொண்டிருக்கிற. 1010 நடப்பு ஆண்டு, கழிந்தது 1009. அதோடு மாசிக்குரிய 79ஐக் கூட்டினால் 1088 பிப்ரவரி–மார்ச். புத்தகம் சரி, நீங்கள் சொன்ன விதியும் சரி. இடையில் அந்த ஒரு வினைச்சொல் நழுவிவிட்டது. நம்மவர் எழுதிய கல்லை நம்மவரே ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பதால் வரும் வினை இது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு பாருஸ் துறைமுகத்தில் வைத்த கல்வெட்டு, மூலத்தையே படிக்கலாம்.

"ஆவது" என்ற சொல் மட்டும் ஏமாற்றும். சீனாவின் சுவான்சௌ நகரத் தமிழ்க் கல்வெட்டு "சகாப்தம் 1203வது சித்திரைச் சித்திரை நாள்" என்கிறது. இலக்கணப்படி பார்த்தால் 1203ஆவது ஆண்டு, அதாவது நடப்பு. ஆனால் அறிஞர்கள் கழிந்த ஆண்டாகக் கொண்டு 1281 ஏப்ரல் என்கிறார்கள். தமிழ்க் கல்வெட்டுகளில் "ஆவது" இரண்டுக்கும் வரும். கிழமையோ நட்சத்திரமோ பக்கத்தில் இருந்தால்தான் முடிவு கட்ட முடியும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்திய அரசின் தேசிய நாட்காட்டியும் சக ஆண்டைத்தான் சொல்கிறது. ஆனால் அது 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த சூரிய நாட்காட்டி, அன்று சைத்திரம் 1, 1879. மாற்றித் தரும் பல இணையதளங்கள் இதை வைத்தே கணக்குப் போடும். எட்டாம் நூற்றாண்டுத் திதியை அதில் போட்டால் வரும் நாள் கற்பனை நாள்.

கிரந்தக்காரி

சொல்லெண்ணுக்கு வருகிறேன். இதன் பெயர் பூதசங்கியை. வடமொழிச் செய்யுளில் எண்ணை அப்படியே வைத்தால் யாப்பு இடிக்கும். அதனால் உலகில் இத்தனைதான் உண்டு என்று எல்லாருக்கும் தெரிந்த பொருளை எண்ணுக்குப் பதிலாக வைத்தார்கள். ஒரே எண்ணுக்கு ஏழெட்டுச் சொல் இருப்பதால் கவிஞருக்கு வேண்டிய அசை கிடைத்துவிடும்.

படிக்கும் விதி ஒன்றே ஒன்று: ஒன்றாம் இடம் முதலில். "அங்கானாம் வாமதோ கதி:", இலக்கங்கள் இடப்பக்கம் நகரும் என்பார்கள். சங்கலில் சுருதி 4 (வேதம்), இந்திரியம் 5, ரசம் 6 (அறுசுவை). கடைசியிலிருந்து எழுதினால் 654. கழிந்த ஆண்டு என்று செய்யுளே சொல்கிறது, மாதம் கார்த்திகம். 654 + 78 = 732. சஞ்சயன் என்ற அரசன் குன்றின் மேல் லிங்கம் நிறுவிய செய்தி அது.

அடிக்கடி வருபவை இவை. 0: கம், அம்பரம், ககனம், சூன்யம். 1: சசி, இந்து, பூ, மகி, ரூபம். 2: நயனம், அக்ஷி, பாகு, யமன், அசுவினி தேவர். 3: அக்னி, குணம், ராமன். 4: வேதம், யுகம், அப்தி. 5: பாணம், சரம், பூதம், இந்திரியம். 6: ரசம், ருது, அங்கம். 7: அத்ரி, சைலம், முனி, சுவரம். 8: வசு, நாகம், கஜம். 9: ரந்திரம், நந்தர், கிரகம். ருத்திரன் 11, சூரியன் 12, மனு 14, திதி 15. இந்தக் கடைசி நான்கும் இரண்டு இடத்தைப் பிடிக்கும். மூன்றே சொல் இருக்கிறதே என்று மூன்று இலக்கமாக எழுதிவிடுவது இங்கேதான் நடக்கும்.

சில சொற்கள் இரட்டை வேடம் போடும். லோகம் 3, சில இடத்தில் 7 அல்லது 14. சமுத்திரம் பெரும்பாலும் 4, சில இடத்தில் 7. பக்ஷம் 2, அபூர்வமாக 15. திக்கு 10, சில இடத்தில் 8 அல்லது 4. நூறாம் இடத்துச் சொல்லில் குழப்பம் வந்தால் எழுத்தமைதியைப் பார்த்துத் தீர்க்கலாம். பல்லவ எழுத்தின் வழிவந்த எட்டாம் நூற்றாண்டு வடிவம் என்றால் நூறாம் இலக்கம் 6 அல்லது 7ஆகத்தான் இருக்கும். ஒன்றாம் இடத்தில் குழப்பம் என்றால் எழுத்தமைதி உதவாது, கிழமை வேண்டும்.

கிழக்கு ஜாவாவில் மலாங் அருகே உள்ள தினோயோ கல்வெட்டையும் உங்கள் அட்டையில் சேர்க்கலாம். நயனம், வசு, ரசம்: 2, 8, 6. ஆகவே 682, அதாவது 760. கஜயானன் என்ற அரசன், முன்பு சந்தன மரத்தில் இருந்த அகத்தியர் திருமேனிக்குப் பதிலாகக் கருங்கல்லில் செய்து நிறுவினான். மார்கசீர்ஷ மாதம், வெள்ளிக்கிழமை, ஆருத்ரா நட்சத்திரம், பிரதமை, இரண்டு பட்சங்களும் கூடும் நேரம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. இப்படி நாலைந்து உறுப்பு இருந்தால் அது தங்கம்.

ஜாவாவில் இந்த முறை பிறகு வடமொழியை விட்டு உள்ளூர் மொழிக்கு இறங்கிவிட்டது. சந்திரசங்கலா என்பார்கள். அங்கே பட்டியல் கொஞ்சம் வேறு. "பூத" நமக்கு ஐம்பூதம், ஜாவானியத்தில் "பூதா" என்றால் அரக்கன், எண் மட்டும் அதே 5. கோபுரம் அங்கே "கபுரா", எண் 9. விக்கு என்ற துறவி 7. மிகப் புகழ்பெற்றது "சிர்ணா இலாங் கெர்தானிங் பூமி": மறைந்தது 0, போயிற்று 0, கிருதம் 4, பூமி 1. சகம் 1400, அதாவது 1478, ஜாவாவின் மஜாபாகித் பேரரசு வீழ்ந்ததாக மரபு சொல்லும் ஆண்டு. வாக்கியத்தின் பொருளும் உலகின் வளம் அழிந்தது என்பதே. அதனால்தான் அட்டையில் "மரபுப்படி" என்று எழுதுங்கள் என்கிறேன். 1486இலும் அங்கே கிரீந்திரவர்தனன் என்ற அரசன் கல்வெட்டு வெளியிட்டிருக்கிறான். பொருளுக்காக ஆண்டை வளைத்த சங்கலாக்கள் உண்டு.

திதிவாரம்

சோதிக்கும் வழியைக் கேட்டீர்கள். பிலிப்பைன்ஸில் 1989இல் கிடைத்த லகுணா செப்பேட்டை வைத்துச் செய்து காட்டுகிறேன். அதில் உள்ளது: சகம் 822 கழிந்தது, வைசாகம், தேய்பிறை சதுர்த்தி, திங்கட்கிழமை. ஏற்கப்பட்ட நாள் கி.பி. 900 ஏப்ரல் 21. பொருந்துகிறதா பார்ப்போம்.

கிழமை. ஆண்டோடு 4800 கூட்டுங்கள்: 5700. அதை 365ஆல் பெருக்கினால் 2080500. அதே 5700ஐ 4ஆல் வகுத்தால் 1425 (மீதி வந்தால் விட்டுவிடுங்கள்). மாதத்துக்கு மார்ச் 0, ஏப்ரல் 1, இப்படியே போய் டிசம்பர் 9. ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் முந்தைய ஆண்டின் 10, 11 என்று கொள்ள வேண்டும். மாத எண்ணை 153ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5ஆல் வகுங்கள்: ஏப்ரலுக்கு 155 ÷ 5 = 31. நாள் 21. எல்லாவற்றையும் கூட்டி 32083 கழித்தால் 2049894. இதுதான் ஜூலியன் நாள் எண், நாட்களை ஒரே தொடராக எண்ணும் எண். இதை 7ஆல் வகுத்தால் மீதி 0. மீதி 0 திங்கள், 1 செவ்வாய், 6 ஞாயிறு. திங்கட்கிழமை சரி.

திதி. 2000 ஜனவரி 6 அமாவாசையின் எண் 2451550.1. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 401656.1. நிலவு மாதத்தின் சராசரி நீளமான 29.530588 நாளால் வகுத்தால் 13601.36. முழு எண் வேண்டாம். 0.36 என்பது அடுத்த அமாவாசைக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்டுகிறது. 1இலிருந்து கழித்தால் 0.64. முப்பதால் பெருக்கினால் 19.2. இந்த எண் கிரீன்விச் நண்பகலுக்கு உரியது, மணிலாவில் அப்போது இரவு 8 மணி. அங்கே விடியற்காலைக்குப் பின்னோக்கிப் போனால் 0.6 குறைந்து 18.6. பதினெட்டுத் திதி முடிந்து பத்தொன்பதாவது நடக்கிறது. 15 + 4, தேய்பிறை சதுர்த்தி. இது சராசரி நிலவுக் கணக்கு என்பதால் ஒரு திதி முன்பின் வந்தால் மன்னிக்கலாம். மூன்று திதி தள்ளிப் போனால் ஆண்டையோ மாதத்தையோ தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

இனி தவறு நடக்கும் இடங்கள். 1582க்கு முந்தைய நாட்களை வரலாற்றாசிரியர்கள் ஜூலியன் நாட்காட்டியில் தருகிறார்கள். செல்போன் நாட்காட்டியும் பல மென்பொருட்களும் கிரிகோரியனையே பின்னோக்கி நீட்டிவிடும். அங்கே 900 ஏப்ரல் 21ஐத் தேடினால் புதன்கிழமை காட்டும். கல்வெட்டு தவறு என்று அலற வேண்டாம், அந்த நூற்றாண்டில் வித்தியாசம் ஐந்து நாள், அவ்வளவுதான்.

அடுத்தது மாதத்தின் எல்லை. வட இந்திய வழக்கில் மாதம் பௌர்ணமியில் முடியும், தெற்கில் அமாவாசையில். வளர்பிறைக்கு இரண்டும் ஒன்றுதான். தேய்பிறைக்கு ஒரு மாதப் பெயர் மாறிவிடும். லகுணா தேதியைப் பௌர்ணமிக் கணக்கில் எடுத்தால் ஒரு மாதம் முன்னால், மார்ச் 22, 23 பக்கம் விழுகிறது. அவை சனி, ஞாயிறு. திங்கள் கிடைக்காது. அமாவாசைக் கணக்கில்தான் பொருந்துகிறது.

இதே கணக்கைச் சங்கலுக்கும் போட்டேன். 732 அக்டோபர் 6, எண் 1988700, மீதி 0, திங்கள். நிலவு வளர்பிறை திரயோதசியில் நிற்கிறது. செய்யுளும் திங்கள், வெண்பக்கத் திரயோதசி என்கிறது. தினோயோவுக்கு 760 நவம்பர் 28: எண் 1998980, மீதி 4, வெள்ளி, பௌர்ணமி கழிகிற வேளை. சூரியன் அப்போது தனுசில், மார்கழி முதல் வாரம். ஆக கஜயானன் அகத்தியரை நிறுவியது மார்கழித் திருவாதிரை அன்று. இதை வைத்து அவன் தமிழன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பஞ்சாங்கம் பொது, அகத்தியர் வழிபாடு ஜாவாவில் தனியாகவே வேர்விட்டது.

பழைய ஜாவானியச் செப்பேடுகளில் சோதனை இன்னும் கறார். ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரம் (பாஹிங், போன், வகை, கலிவுவான், உமானிஸ்), ஆறு நாள் வாரம் இரண்டும் சேர்ந்து வரும். 5 × 6 × 7 = 210. ஒரு சேர்க்கை 210 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பும். கூடவே திதியும் இருந்தால் கல் தேய்ந்து ஒரு இலக்கம் அழிந்தாலும் ஆண்டை மீட்டுவிடலாம். லூயி-சார்ல் தமே என்ற பிரெஞ்சு அறிஞர் ஜாவாக் கல்வெட்டுகளின் தேதிகளை இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்.

சுவடிவாசகன்

மிக்க நன்றி. லோபு துவாவில் "செல்லாநின்ற" என்பதை உண்மையிலேயே கவனிக்கவில்லை. இரண்டு கேள்வி மீதி. யோக்யகர்த்தா அரண்மனை வாயிலில் பின்னிய இரு நாகங்கள், "த்வி நாக ரச துங்கல்", 2-8-6-1, ஆண்டு 1682 என்று படித்தேன். 78 கூட்டினால் 1760. ஆனால் அரண்மனை 1756 என்கிறார்கள். நாலு வருடம் எங்கே போயிற்று? இன்னொன்று, உலகின் முதல் சுழியம் கம்போடியாவில் கண்டுபிடிக்கப்பட்டது என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதை அட்டையில் போடலாமா?

கிரந்தக்காரி

படித்தது சரி, சகாப்தம்தான் மாறிவிட்டது. 1633இல் மாத்தரம் அரசர் சுல்தான் அகுங், சகம் 1555 என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டின் நீளத்தை மட்டும் இஸ்லாமிய நிலவாண்டுக்கு மாற்றினார். அதுவரை சூரியனோடு ஒட்டி ஓடிய ஆண்டு அன்று முதல் 354, 355 நாள். ஏறக்குறைய 33 ஆண்டுக்கு ஒரு வருடம் வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். 1633இல் 78, 1756இல் 74, இப்போது 66.

மாற்றும் வழி: ஜாவானிய ஆண்டிலிருந்து 512 கழித்தால் ஹிஜ்ரி. 1682 − 512 = 1170. ஹிஜ்ரி 1170 தொடங்கியது 1756 செப்டம்பர் இறுதி, அரண்மனைக்குக் குடிவந்தது அக்டோபர். 1633க்குப் பிந்தைய எந்த ஜாவா ஆண்டுக்கும் 78 கூட்டவே கூடாது. பாலித் தீவில் இந்த மாற்றம் வரவில்லை. அங்கே பழைய சகமே ஓடுகிறது, 2025 மார்ச் 29 நியெப்பி நாளில் சகம் 1947 பிறந்தது.

ஓலைநறுக்கு

சுழியத்தை அந்த வாசகத்தில் போடாதீர்கள். மீகாங் கரையில் சம்போரில் கிடைத்த, கே-127 என்ற எண்ணுடைய கெமர் கல்வெட்டில் சகம் 605, அதாவது கி.பி. 683, இலக்கத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி, அதுதான் சுழியம். அடுத்த ஆண்டே சுமத்ராவின் தலாங் துவோ கல்வெட்டில் 606. இந்திய மண்ணில் ஐயமற்ற தேதியோடு கல்லில் சுழியம் வருவது குவாலியரில் 876இல். 270 முழ நீளத் தோட்டம், நாளுக்கு 50 மாலை என்று கணக்கு எழுதிய கோயில் கல். சுழியம் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தது என்று சிலர் வாதிட்டபோது, இந்தக் கீழ்த்திசைத் தேதிகளைக் காட்டி 1931இல் மறுத்தவர் ஜார்ஜ் செதெஸ் என்ற பிரெஞ்சு அறிஞர். இந்தியக் காலக்கணிதத்தோடு கப்பலேறிப் போன சுழியம் அங்கே 683இலேயே புழங்குகிறது என்றால் ஊரில் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

திதிவாரம்

ஒரு சின்னத் திருத்தம். செதெஸ் வாதத்தை அது மட்டுமே சான்று என்பதுபோலச் சொல்லிவிட்டீர்கள். பிரம்மகுப்தர் 628இலேயே சுழியத்தோடு கூட்டல், கழித்தலுக்கு விதி எழுதிவிட்டார். அதற்கும் முன்னே சமண நூலான லோகவிபாகம், காஞ்சி சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, சகம் 380 (கி.பி. 458) என்று தன் காலத்தைச் சொல்கிறது. அதில் சூன்யம் உட்படச் சொல்லெண்கள் இட மதிப்போடு வருகின்றன. நமக்குக் கிடைத்திருப்பது பிந்தைய வடமொழி வடிவம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஓலைநறுக்கு

ஏற்கிறேன். அட்டைக்கு "தேதியிட்ட கல்வெட்டுகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய சுழியங்களுள் ஒன்று" என்று எழுதினால் யாரும் கைவைக்க முடியாது.

சுமத்ராவின் கெடுகான் புக்கிட் கல்வெட்டையும் சேர்ப்பதாக இருந்தால் 682, 683 இரண்டையும் போடுங்கள். கடைசி இலக்கத்தை 4 என்றும் 5 என்றும் படித்திருக்கிறார்கள். திதி வைசாக வளர்பிறை ஏகாதசி, கிழமை இல்லை. திதி மட்டும் என்றால் எந்த ஆண்டிலும் ஏகாதசி வரத்தான் செய்யும், அதைக்கொண்டு ஆண்டைப் பிரிக்க முடியாது.

நூசாந்தரம்

தாய்லாந்துப் படங்கள் இருந்தால் இதையும் பாருங்கள். அங்கே மகாசகராஜ் என்றால் நம் சகம், 78 கூட்ட வேண்டும். சுலசகராஜ் என்றால் 638. பர்மிய ஆண்டுக்கும் அதே 638. பௌத்த ஆண்டு என்றால் 543 கழிக்க வேண்டும். பிந்தைய ஆவணங்களில் எந்தச் சகராஜ் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதியிருப்பார்கள். ஆனால் பக்கத்தில் விலங்கு ஆண்டு இருக்கும், அதை வைத்துப் பிடிக்கலாம். சுகோதயாவின் முதல் கல்வெட்டு 1205, ஆட்டு ஆண்டு என்கிறது. 78 கூட்டினால் 1283. 2003 ஆட்டு ஆண்டு என்பது தெரிந்தது. இடைவெளி 720, பன்னிரண்டால் மீதியின்றி வகுபடுகிறது. 638 கூட்டினால் 1843 வரும், இடைவெளி 160, மீதி 4, ஆடு வராது. அந்தக் கல்லே பிற்காலத்தில் வெட்டியதா என்று ஒரு பெரிய சண்டை நடக்கிறது, அதற்குத் தனி இழை வேண்டும்.